தாடைக்கட்டு

சபையில் ஒரு பெண் கண்ணை மூடிவிட்டால் முதலில் ஆள் ஓடுவது இஸ்திரியம்மா வீட்டுக்குத்தான். போதகருக்குக்கூட அடுத்தபடியாகத்தான் தகவல் போகும். தெருமுனைக் கடையில் துணி தேய்த்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. இறந்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைக்கத் தயார் செய்வது அவள் ஊழியம். அதற்காக ஒரு வாய் காப்பிகூட எந்த வீட்டிலும் குடித்ததில்லை.

அது ஒற்றை ஆள் வேலை அல்ல. உயிர் போன உடம்பு கல்லாய்க் கனக்கும். ஒருத்தி தோளையும் இடுப்பையும் பிடித்துச் சாய்த்தால்தான் இன்னொருத்தி முதுகைத் துடைக்க முடியும். அந்த இன்னொருத்தி அவளுடைய நாத்தனார். புருஷனின் கடைசித் தங்கை, கல்யாணம் கூடிவராமல் பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டவள். ஆரம்பத்தில் இருவரும் எலியும் பூனையும்தான். மாமியார் தொற்று நோயில் போனபோது அக்கம்பக்கத்தார் ஒருவரும் கிட்டே வரவில்லை. வேறு வழியில்லாமல் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அன்றைக்குச் சேர்ந்த கைகள். அதன்பிறகும் வீட்டில் சண்டைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் யாராவது வந்து கூப்பிட்டால் சண்டையைப் பாதியில் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து மிச்சத்தைப் போட்டுக்கொள்வார்கள். இஸ்திரியம்மாவின் புருஷன் போன பிறகும் அப்படியே ஓடியது.

இஸ்திரியம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தவள் நாத்தனார். தேய்ப்புப் பெட்டியின் கனத்தில் கடையில் யாருக்கும் தெரியவில்லை. தாடைக்கட்டில்தான் குட்டு உடைந்தது. இறந்தவர் வாய் திறந்துகொள்ளாமல் மோவாய்க்கு அடியில் துணி கொடுத்து உச்சந்தலையில் முடிய வேண்டும். இறுகினால் முகம் கோணும், தளர்ந்தால் வாய் பிளக்கும். கடைசியாகப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்த முகம்தான் ஆயுசுக்கும் நிற்கும்.

"விடுங்க அண்ணி, நான் கட்டுறேன்."

"வெளியில மூச்சு விட்டுடாதே. கை ஆடுதுன்னு தெரிஞ்சா, போய் மூலையில உட்காரும்மான்னுடுவாங்க. இதுவும் இல்லேன்னா நான் எதுக்குடி இருக்கேன்?"

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

அப்படிச் சொன்னவள், ஒரு மழைக்காலக் காலையில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள்.

இஸ்திரியம்மா அழவில்லை. "என் வீட்டு உடம்பு, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாய்த்துப் பிடித்தால் துடைக்கக் கையில்லை. துடைக்கக் கையை எடுத்தால் உடம்பு மல்லாந்தது. தாடைத் துணியை எடுத்தாள். முடிச்சு விழுவேனா என்றது.

கதவு தட்டப்பட்டது. தையல்காரர் பெண்சாதி. வாய் ஓயாததால் சபையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"அக்கா, திறங்க. நான் கட்டுறேன்."

"உன் வாயையே உனக்குக் கட்டத் தெரியாது. நீ அவ வாயைக் கட்டப்போறியா?"

"தெரியும்க்கா. அவங்கதான் சொல்லிக்கொடுத்தாங்க. தலைகாணியில சுத்திச் சுத்திப் பழகினேன்."

"எதுக்கு?"

"அண்ணிக்குக் கை ஆடுது, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா தனியா நின்னுடுவாங்க, நீ கூட நில்லுன்னாங்க. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்கக்கா."

இஸ்திரியம்மா நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். "பாவி, சொல்லமாட்டேன்னியேடி!" வார்த்தைக்கு வார்த்தை எதிர்த்துப் பேசுகிறவள், வாயைத் திறந்து வைத்துக்கொண்டே பேசாமல் கிடந்தாள். செத்தவளிடம் எப்படிச் சண்டை போடுவது? பிறகு போய்த் தாழ்ப்பாளை விலக்கினாள்.

இருவருமாகத் திருப்பிக் கழுவினார்கள். ரேடியோ மோவாய்க்கு அடியில் துணியைக் கொடுக்க, இஸ்திரியம்மா தலையைத் தாங்கிக்கொண்டாள். அவள் நடுக்கத்தில் அந்தத் தலையும் இப்படியும் அப்படியும் அசைந்தது.

"வேண்டாம் வேண்டாம்ங்கிறாங்க பாருங்க" என்றுவிட்டு ரேடியோ நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான் சொன்ன எதுக்கு அவ சரின்னு ஆட்டியிருக்கா?" என்றாள் இஸ்திரியம்மா. அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

முடிச்சு விழுந்தது. உதடு இடதுபக்கம் கோணியிருந்தது.

"அவிழ்த்துடு. இந்தப் பக்கம் கொஞ்சம் தளர்த்து. நான் பிடிச்சிருக்கேன்."

அடக்கம் முடிந்ததும், ஈர மண் ஒட்டின காலோடு போதகரிடம் போய்க் கையை நீட்டிக் காட்டினாள். "ஆடுது ஐயா. ரொம்ப நாளா மறைச்சேன். இனிமே முடிச்சு ரேடியோ போடட்டும். தலையை நான் தாங்கிக்கறேன்." அவர் தலையசைத்தார்.

அதில் அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்கு வந்தபோது பாத்திரங்கள் பாதி கழுவினபடி கிடந்தன. ஒரு தட்டை எடுத்துத் தடவிப் பார்த்தாள். நாத்தனார் கழுவினால் பிசுக்குப் போகாது என்று தினமும் ஏசுவாள். அன்றைக்கும் போகவில்லை. ஏசுவதற்கு ஆளில்லை. தட்டைத் திரும்பக் கழுவாமல் அப்படியே எடுத்து அலமாரியில் வைத்தாள்.