ஒரே தடவை கேட்ட முகவரி

சோம்பேறித்தனத்துக்கு எங்கள் தொழிலில் வேகம் என்று பெயர்.

ராஜபாளையத்தில் ஒரு மாடியில் இரண்டு அறை, நாலு பேர். அதுதான் எங்கள் கம்பெனி. நூல் மில் மெஷின்களுக்கு ஸ்கிரீன் செய்து கொடுக்கிறோம். ஸ்கிரீனில் படம் வரையும் மென்பொருள், அதாவது டிரைவர், என் பொறுப்பு. படம் மெமரியில் ஓர் இடத்தில் இருக்கும். வரையும் ஒவ்வொரு தடவையும் அந்த இடம் எங்கே என்று சிஸ்டத்திடம் கேட்க வேண்டும். நானோ, ஸ்கிரீன் ஆன் ஆனதும் ஒரே தடவை கேட்டு, அந்த முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு, அதையே பிடித்துத் தொங்கினேன். படம் பறந்தது. முதலாளி முதுகில் தட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் வீடு திரும்பியபோது உட்கார இடமில்லை. ஆனாலும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஸ்கிரீனை ஒரு மில்லில் மாட்டிவிட்டு வந்தோம். அடுத்த திங்கட்கிழமையே கூப்பிட்டார்கள், போனேன். வெள்ளிக்கிழமை காலை ஷிஃப்டில் ஒரு மெஷினில் நூல் வரிசையாக அறுந்து, பஞ்சு சுற்றிக்கொண்டு, ஏகப்பட்டது வீண். நூல் அறுந்தால் ஸ்கிரீன் சிவப்பாக வேண்டும். கடைசிவரை பச்சைதான் எரிந்தது என்று மெஷின் ஓட்டிய அக்கா சாதிக்கிறார். மெஷினை நிறுத்தி மறுபடி போட்டதும் ஸ்கிரீன் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

"அந்தப் பொம்பள நின்னுக்கிட்டே தூங்கிருக்கு தம்பி. செத்த நேரம் பாத்துட்டு, ஸ்கிரீன் நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துருங்க" என்றார் சூப்பர்வைசர்.

நானும் பேஷாக எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தை வைத்து அக்காவைக் கழிவுப் பஞ்சு அள்ளப் போட்டார்கள். இன்னொரு புகார் வந்தால் வேலையே போய்விடும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பஸ் ஸ்டாப்பில் அக்கா நின்றிருந்தார். நூல் அறுந்த அன்றைக்கு வேறு என்ன செய்தார் என்று சும்மா கேட்டேன்.

"வேறென்ன? வெள்ளிக்கெழமைன்னா மெஷினுக்குப் பொட்டு வைக்க வேண்டாமா? ஓட்டத்துல நிறுத்துனா நூலு அம்புட்டும் அறுந்துரும். அதான் ஸ்கிரீன் வயரை மட்டும் கழட்டி, தொடச்சு, சந்தனம் வச்சுட்டு மாட்டுனேன். பழைய ஸ்கிரீன்லயும் இப்படித்தான தம்பி செய்வேன்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வயரைக் கழற்றி மாட்டினால் சிஸ்டம் படத்துக்குப் புது இடம் ஒதுக்கி, கடைசியாக இருந்த பச்சையை அங்கே நகல் எடுத்து வைக்கும். என் டிரைவரோ, வீடு காலி பண்ணிப் போனவர்களின் பழைய வாசலிலேயே பால் பாக்கெட் போடுகிற ஆள். சிவப்பையெல்லாம் பழைய இடத்தில் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஆபீசுக்குத் திரும்பிப் போய் வயரைப் பிடுங்கி மாட்டி, நூல் அறுந்த சிக்னல் கொடுத்துப் பார்த்தேன். பச்சை பச்சையாகவே நின்றது.

அப்போதே மில்லுக்கு போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு டிரைவரைத் திருத்தினேன். வழக்கமான அப்டேட் என்று சொல்லி வியாழக்கிழமை ஏற்றிவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். அக்காவுக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைத்தேன். என்ன என்றுதான் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை ஏற்றியும் விட்டேன். சூப்பர்வைசர் டீ சொன்னார். அப்போது சாக்கை இழுத்துக்கொண்டு அக்கா வந்தார். தலை, புருவம் எல்லாம் பஞ்சு.

"தம்பி, நீங்க படிச்சவுக. நான் தூங்கலன்னு நீங்களாச்சும் நம்புறீகளா?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். வெட்கங்கெட்ட பயல் நான். எனக்கே அழுகை வந்துவிட்டது. தப்பு என்னுடையது, ஸ்கிரீன்தான் மாறவில்லை, அக்கா தூங்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் கொட்டிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரிம்மா, நாளைக்கு நீ மெஷினுக்கே போயிரு" என்றார்.

அக்கா நகரவில்லை.

"இது எப்பத் தம்பி தெரிஞ்சது உங்களுக்கு?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "செவ்வாக்கெழமக்கா. பஸ் ஸ்டாப்புல நீங்க சொன்னப்பவே."

அவர் திட்டியிருந்தால் தேவலை. சாக்கைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

"அப்ப நேத்தும் இன்னைக்கும் நான் அள்ளுனது உங்களுக்காக. இதையாச்சும் நீங்க கொண்டுபோய்ப் போடுங்க."

தூக்கினேன். மெஷின்களுக்கு நடுவிலிருந்து அத்தனை பேரும் பார்த்தார்கள். சூப்பர்வைசர் பதறிப்போய், "வைங்க தம்பி, நீங்க எதுக்கு?" என்று கையை நீட்டினார்.

"விடுங்க சார்" என்றார் அக்கா. "அவுக தூக்கட்டும்."