சிவஞானம் அண்ணனின் தேயிலை வேலி

சிவஞானம் அண்ணனுக்கு உட்காரத் தெரியாது. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசையின் கடைசிக் காம்பரா அவருடையது, அதற்கு முந்தியது என்னுடையது. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் வாசலில் நடப்பார், வேலை விட்டு வந்ததும் நடப்பார். "அண்ணே, செத்த சும்மா இருங்களேன், பாக்குற எனக்குத் தல சுத்துது" என்று நான் சத்தம் போடாத நாளில்லை. ஆனால் ஒரே அறையில் ஆறு பேர் படுத்தெழும்பினால் மனுஷன் வேறு எங்கே போவான்? மகள் துஷாந்தினி வயதுக்கு வந்ததிலிருந்து அவருக்கு ஒரே நினைப்புதான். பக்கத்தில் ஓர் அறை கட்ட வேண்டும். நாளைக்கு மகளும் மருமகனும் கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும்.

இடம் இருந்தது. அவர் சுவரிலிருந்து ஓடை வரைக்கும் கல்லும் முட்புதருமாக ஒரு துண்டு, யாருக்கும் வேண்டாத துண்டு. தொண்ணூற்று மூன்றில் லீவு போட்டுவிட்டுப் பசறையில் அரசாங்க ஆபீசுக்குப் போய்க் கேட்டார். தோட்டத்து ஆபீசில் கேள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே பெரிய கிளார்க் சிவசுப்பிரமணியம், யாழ்ப்பாணத்துக்காரர், வரைபடத்தை விரித்துப் பார்த்தார்.

"அதிலை தேயிலை ஒண்டும் இல்லைத்தானே? தேயிலை இல்லாத துண்டு எங்கட கணக்கிலை இல்லை. பிறகு நான் என்னெண்டு கடிதம் தாறது?"

கடிதம் கிடைக்கவில்லை. ஆனால் உறுதிப் பத்திரமே கைக்கு வந்துவிட்டதுபோல அண்ணன் துள்ளிக்கொண்டு வந்தார். மறுநாளே மண்வெட்டியோடு இறங்கிவிட்டார். கல்லைப் பெயர்த்து அத்திவாரத்துக்கென்று ஓரமாக அடுக்கினார், மிச்ச இடத்தில் போஞ்சி போட்டார். போஞ்சி காய்க்கிற நேரம் லயத்து மாடுகள் வந்து மொட்டையடித்துவிட்டுப் போயின.

அப்போதுதான் அந்த வேலை பார்த்தார். நாற்றுமேடையில் கழித்துப் போட்ட தேயிலைக் கன்றுகளைச் சாக்கில் அள்ளி வந்து சுற்றிவர நட்டார்.

"மாடு தேயிலையத் தொடாது தங்கச்சி. இதவிட நல்ல வேலி எங்க இருக்கு?"

கிளார்க் சொன்னதைத் தன் இரண்டு காதாலும் கேட்ட மனுஷன்! அவரை ஏன் சொல்ல, கேட்டுக்கொண்டு நின்ற எனக்கும்தான் புத்தி எங்கே போச்சு? அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதையாவது வளர விட்டிருக்கலாம். விட்டிருந்தால் மரமாகிக் காட்டோடு காடாக நின்றிருக்கும். இவரோ இருபத்திரண்டு வருஷமாகக் கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆள். வெட்டாத தேயிலையைக் கண்டால் கை அரிக்கும். நடந்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்த வேலியை வெட்டி, இடுப்பளவுக்கு மட்டம் பிடித்து, மேசை விரிப்பு மாதிரி ஆக்கிவிட்டார். "நம்ம மலையில இப்படி ஒரு செடி இருக்கா, சொல்லு?" என்று பெருமை வேறு.

இரண்டாயிரத்தில் துஷாந்தினியின் கல்யாணம் முடிந்தது. மருமகன் வந்து வாசலில் படுத்தான். ஏழு வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசோடு அண்ணன் அத்திவாரம் வெட்ட நாள் பார்த்தார். அந்த வாரமே தோட்டத்துப் புதுத்துரை தேயிலை மலைகளைச் சங்கிலி பிடித்து அளந்துகொண்டு வந்தார். வேலியைப் பார்த்ததும் நின்று, கணக்கப்பிள்ளையிடம் கேட்டார், இவ்வளவு நல்ல கொழுந்தை ஏன் எடுக்காமல் விட்டிருக்கிறாய் என்று. அவ்வளவுதான். அளக்கிற சங்கிலி அண்ணனின் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. தேயிலை நிற்கும் காணி தோட்டத்துக்குச் சொந்தம், அதில் வீடு கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் ஆபீசுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஐயா, நீங்கதானே சொன்னீங்க!"

"நான் சொன்னதிலை பிழையில்லையே சிவஞானம். அப்ப தேயிலை இல்லை, இப்ப இருக்குது. ஆர் நட்டது?"

அந்தக் கிளார்க்கின் மேசையைக் கவிழ்க்கலாம்போல எனக்கு வந்தது.

திங்கட்கிழமை கொழுந்தெடுக்கும் எங்கள் கும்பலை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். "ஒங்க வீட்டுப் பக்கந்தானே கருப்பம்மாக்கா, நீங்களே எடுங்க" என்றான் கங்காணி. கருப்பம்மா யார்? சிவஞானம் அண்ணனின் பெண்சாதி. சொந்த வேலியில், தோட்டத்துக் கூடையோடு நின்று கொழுந்தெடுத்தாள். அண்ணன் அன்று வேலைக்குப் போகவில்லை. வேலியோரம் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தார். அவள் கடைசிச் செடியை முடித்துத் திரும்பும்போது சட்டென்று நின்றார்.

"அந்தா, அந்த மூலையில ரெண்டு கொழுந்த விட்டுட்டே."

கருப்பம்மா அவரையே பார்த்தாள். பிறகு கூடையை அப்படியே அவர் காலடியில் கவிழ்த்தாள்.

"ஒங்க மக எங்க படுப்பா? அதச் சொல்லுங்க மொதல்ல."

முதல் தடவையாக அந்த மனுஷன் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். உட்கார்ந்து, ஒவ்வொரு கொழுந்தாகப் பொறுக்கித் திரும்பவும் கூடையில் போட்டார்.