மடிய மறுத்த செல்கள்

அரியலூரில் அந்த டாக்டரம்மாவின் அறையில் நோயாளிக்கு ஒரு நாற்காலி, உடன் வருபவருக்கு ஒரு முக்காலி. 1998-இல் அந்த முக்காலியில் அமர்ந்துதான் என் மனைவியின் வலியைப் பற்றி முதன்முறையாக முழுமையாகக் கேட்டேன். எங்களுக்குத் திருமணமாகி அப்போது ஒன்பது ஆண்டுகள்.

வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டு வழக்கப்படி மாதவிடாய் நாள்களில் அவள் பின்கட்டு அறையில் இருப்பாள். ஆண்கள் அப்பக்கம் போவதில்லை. சோற்றுத் தட்டை என் தாய் கொண்டுபோய் வைப்பார். நான்காம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு வருபவளை மட்டுமே நான் அறிவேன். முகம் வெளிறியிருக்கும். "ஒரு புள்ள பொறந்தா எல்லாம் சரியாப்போயிடும்" என்பார் தாய். பெரம்பலூர்க் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்த நானும் அதையே நம்பினேன்.

ஒரு மாதம் தாய் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். தட்டை வைக்கப் போன நான், முந்தானையை வாயில் கடித்தபடி தரையில் சுருண்டு கிடந்தவளைக் கண்டேன். மறுவாரமே அரியலூருக்குப் பஸ் ஏறினோம். அவள் பிறந்த விக்கிரமங்கலத்துப் பெண்கள் அந்த டாக்டரம்மாவிடம்தான் போவார்கள்.

என்னைவிட இளையவர் அவர். என் மனைவியிடம் நெடுநேரம் கேட்டார். குறுக்கே நான் பதில் சொன்னபோது, "சார், வலி உங்களுக்கா, அவங்களுக்கா?" என்றார். பின்பு திருச்சிக்கு அனுப்பி, வயிற்றுக்குள் கருவி செலுத்திப் பார்க்க ஏற்பாடு செய்தார். முடிவு வந்த நாளில் என்னிடம் கேட்டார்:

"தலைப்பிரட்டை தவளையாவுறப்ப வாலு எங்க சார் போவுது?"

"அந்த செல்லெல்லாம் தானாவே செத்துடுதுங்க. சாகுற ஏற்பாடு அதுக்குள்ளயே இருக்கு."

"கர்ப்பப்பை உள்சவ்வுலயும் மாசாமாசம் அப்படித்தான் நடக்கணும். இவங்களுக்குச் சிலது சாகாம, கர்ப்பப்பைக்கு வெளிய ஒட்டிக்கிட்டு வளந்திருக்கு. எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. ஏன் சாகலைன்னு இன்னும் முழுசாத் தெரியல. ஆனா வலி நெசம் சார்."

என் மனைவி அழவில்லை. "வருஷா வருஷம் பசங்களுக்கு வாலு கதை சொல்றாருங்க டாக்டர். வூட்டுல நடந்தது தெரியல" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நான் சற்றுத் தாமதமாகச் சிரித்தேன்.

அறுவைச் சிகிச்சையும் மாத்திரைகளும் வலியைப் பெரிதும் குறைத்தன; முற்றிலும் அகற்றவில்லை. குழந்தை பிறக்கவில்லை. தம்மால் தர இயலாத நம்பிக்கையை டாக்டரம்மா ஒருபோதும் தந்ததில்லை. மருந்துச் சீட்டை நீட்டும்போது, "அந்த மூணு நாளும் இவங்க எங்க படுக்குறாங்களோ, அங்கதான் நீங்களும்" என்றார். அப்படியே செய்தேன். தாய் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை.

சென்ற ஆடியில், வேறொரு நோயால், அவள் மறைந்தாள். அவளுக்குக் கிடைத்த அமைதியான ஆண்டுகளுக்காக டாக்டரம்மாவுக்கு என்றும் நன்றியுடையேன். அதைவிடப் பெரிய நன்றி ஒன்றும் உண்டு. கடைசி நாள்களில் வலி தொடங்கும்போதெல்லாம் அவள் அதை மறைக்காமல், "வருதுங்க, பக்கத்துல வாங்க" என்று அழைப்பாள். என் கையைப் பற்றிக்கொள்வாள். அந்தப் பிடி தளரும்வரை நான் எழுந்ததில்லை.