அகத்தா கழற்றிய படம்

ரோலரின் கைப்பிடியைச் சுற்றும்போது அகத்தா பேசமாட்டாள். அடுத்தவர் பேசினாலும் அவளுக்குப் பிடிக்காது. துணி காயப்போடும் கிளிப் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் தாளின் ஓரத்தைத் தாங்கி, வலது கையால் மெல்லச் சுற்றுவாள். ரப்பர் பாலை உறையவைத்து, அந்தக் கட்டியை நசுக்கி ஷீட்டாக்குகிற இரும்பு ரோலர் அது. பெண்டாங் என்ற ஊரில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் அதைக் கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். அகத்தா கேட்டு வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது அதில் ரப்பர் போவதில்லை. செதுக்கி மை தடவிய லினோலியமும், அதன்மேல் தாளும், தாளின்மேல் பழைய கம்பளியும் போகின்றன. மறுபக்கம் வந்ததும் தாளின் மூலையைப் பிடித்து உரிப்பாள். அச்சு மனசுக்குப் பிடித்திருந்தால் கிளிப்பை வாயிலிருந்து எடுத்துக் கயிற்றில் மாட்டுவாள். பிடிக்காவிட்டால், "போ லா" என்று, மலாய்ப் பேச்சின் 'லா'வையும் ஒட்டி, தாளைப் பார்த்தே சொல்வாள்.

முப்பத்தைந்து வயது. மலேசியாவின் சுங்கைப் பட்டாணி நகரில் ஹெர்பர்ட் என்பவரின் புகைப்பட ஸ்டுடியோவில் வேலை. அதற்கு முன் ஏழு வருஷம் பாடாங் மேஹா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தாயோடு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். குடும்பப் படம் ஒன்றை வாங்கப் போன இடத்தில், "படம் கோணலா இருக்கு, என் தம்பி சாய்ஞ்சு நிக்கல, நீங்கதான் சாய்ஞ்சு எடுத்திருக்கீங்க" என்று சண்டை பிடித்திருக்கிறாள். ஹெர்பர்ட் அளவுகோலை வைத்துப் பார்த்தார். அவள் சொன்னது சரி. மறுவாரமே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். கோணல் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு வேலை கொடுத்தால் தன் கோணலையும் விடாது என்பது மனுஷருக்கு அப்போது தெரியவில்லை, பாவம்.

அடையாளக் கார்டுக்குப் படம் எடுக்க வருகிறவர்களை அவள் பாடாய்ப் படுத்துவாள். தலைசீவச் சொல்வதில்லை, சிரிக்கச் சொல்வதில்லை. "எந்த ஊரு? எந்தத் தோட்டம்? எத்தனையாவது லயத்து வீடு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பதில் சொல்ல வாயெடுக்கிற முகத்தில் ஒரு நொடி வீட்டு ஞாபகம் வரும் பாருங்கள், அப்போது அழுத்துவாள். வீடியோ கேமரா வந்த பிறகு கல்யாண வீட்டுக்காரர்களின் பாடு திண்டாட்டம். தாலி கட்டும் நேரத்தை ஒழுங்காக எடுத்துவிடுவாள், அதில் குறை சொல்ல முடியாது. மீதி நேரமெல்லாம் தேங்காய் துருவுகிற பெண்களையும் பந்தலில் தூங்கிவிட்ட மாமாக்களையும் எடுத்துக்கொண்டிருப்பாள். "காசு கொடுத்தது நாங்க, படத்துல இருக்குறது சமையக்காரரா?" என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஸ்டுடியோவுக்கே வந்து கத்தினார்கள். அதே குடும்பம் இரண்டு வருஷம் கழித்து அந்த நாடாவுக்கு இன்னொரு பிரதி கேட்டு வந்தது. தூங்கிக்கொண்டிருந்த மாமா அதற்குள் இறந்துபோயிருந்தார்.

அவளுடைய கண்காட்சிகளைச் சொல்லாவிட்டால் அகத்தாவைச் சொன்னதாகாது. முதல் கண்காட்சி எழுபத்து நான்கில், தோட்டத்து மாதா கோயில் கூடத்தில், ஞாயிறு பூசை முடிந்த கையோடு. குடைக்கம்பியைத் தீட்டிச் செய்த உளியால் செதுக்கிய பன்னிரண்டு அச்சுப்படங்கள், கொடியில் வரிசையாக. இரண்டாவது எண்பதில், பெண்டாங்கில் ஒரு நெல் ஆலையின் வெளிச்சுவரில். அது புகைப்படக் கண்காட்சி. இரண்டாம் நாள் மழை வெளுத்து வாங்கியது. ஆலைத் தொழிலாளிகள் சாக்குகளை விட்டுவிட்டு ஓடிவந்து படங்களை உள்ளே எடுத்துப் போனார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் அகத்தாவின் கழுத்து ஒரு அங்குலம் நிமிரும். மூன்றாவதுதான் பெரியது. எண்பத்தேழு ஆகஸ்டில், சுங்கைப் பட்டாணியில் ஒரு சங்கத்தின் மாடி மண்டபத்தில். அச்சு, புகைப்படம், வீடியோ மூன்றும் ஒரே கூரையின் கீழ். வீடியோவுக்கென்று ஹெர்பர்ட் தன் வீட்டு டிவியையே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். அவர் மனைவி ஒரு வாரம் பேசவில்லை.

இந்தக் கண்காட்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. திறப்பு விழாவுக்கு முதல் நாள் தோட்டத்து நாள். பட்டணத்துப் பெரிய மனிதர்கள் மறுநாள்தான் வரவேண்டும். முதலில் தோட்டத்து ஜனங்கள் பார்க்கவேண்டும். பால் எடை போட்டு முடித்துக் குளித்துவிட்டு, தோட்ட லாரியில் ஏறி வந்துவிடுவார்கள். அகத்தா கடைசியில் சுவரோரமாக நின்றுகொண்டு அவர்கள் பேசுவதைக் காதில் வாங்குவாள். யாராவது தன்னைத் தானே படத்தில் கண்டுபிடித்துவிட்டால் அவளுக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம்.

மூன்றாவது கண்காட்சியில் நடுச்சுவர் முழுக்க ஒரே படம். ஆறு துண்டாக அச்சடித்து ஒட்டிய, ஆளைவிட உயரமான அச்சு. விடிகிற நேரத்தில் ஒரு பெண் பால்மரம் வெட்டுகிறாள். அந்தப் பெண் அழகம்மா. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அகத்தாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், இன்றைக்கும் எட்டாம் நம்பர் ரப்பர்க் காட்டில் பால் வெட்டுகிறவள். ஆறு மாதம் செதுக்கிய படம் அது. அழைப்பிதழிலும் அதையே போட்டார்கள். ஹெர்பர்ட் அந்த அழைப்பிதழ் ஒன்றைக் கோலாலம்பூருக்கு அனுப்ப, அங்கே ஓவியக் கூடம் நடத்தும் சுப்பிரமணியம் என்பவர் பார்த்துவிட்டு, நவம்பரில் நாடு முழுதுமுள்ள பன்னிரண்டு ஓவியர்களை வைத்துத் தான் நடத்தப்போகும் கண்காட்சியில் அவளையும் சேர்த்துக்கொண்டார். திறப்பு விழாவுக்கு வந்து படத்தை நேரில் பார்த்துக் கையோடு எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தார். தோட்டத்து லயத்தில் பிறந்த ஒரு பெண்ணின் பெயர் அந்தப் பட்டியலில்! அகத்தா அந்தக் கடிதத்தைப் பைபிளுக்குள் வைத்திருந்தாள். எத்தனை தடவை எடுத்துப் படித்தாள் என்பது அவளுக்கும் மாதாவுக்கும்தான் தெரியும்.

தோட்டத்து நாளன்று படத்தைப் பார்த்த ஜனம் வாய் பிளந்தது. அழகம்மாவின் பிள்ளைகள் அம்மாவின் கால் விரலைத் தொட்டுப் பார்த்தார்கள். அழகம்மா மட்டும் வாய் பிளக்கவில்லை. கிட்டே போனாள், எட்டி நின்றாள், தலையைச் சாய்த்தாள். அகத்தாவுக்குப் பொறுக்கவில்லை. என்னடி, மூஞ்சி பிடிக்கலையா என்று கேட்டாள்.

"மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. இது யாரு வெட்டுன மரம்?"

"நீ வெட்டுறதுதான்டி. கண்ணு தெரியலையா?"

"நான் இப்படி வெட்ட மாட்டேன்."

அகத்தாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எனக்குத் தெரியாத வெட்டா? ஏழு வருஷம் வெட்டுனவடி நான்" என்றாள். அழகம்மா சண்டைக்கு வரவில்லை. நல்லா பாரு என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். அகத்தா பார்த்தாள். பார்த்தவளின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது.

பால்மரத்தில் வெட்டு இடதுபக்கம் மேலே தொடங்கி வலதுபக்கம் கீழே இறங்கவேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் ஓடும் வாட்டம் அப்படி. மாற்றி வெட்டினால் பால் குறையும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து காடே அதிரக் கத்துவார். படத்தில் கோடு வலது மேலிருந்து இடது கீழே இறங்கியிருந்தது.

நடந்தது இதுதான். அச்சில் எல்லாமே இடம் வலமாக மாறி விழும். அதனால் அகத்தா ஃபிலிமைத் திருப்பிப் போட்டு, இடம் வலம் மாறிய புகைப்படம் ஒன்றை எடுத்து, அதை லினோலியத்தில் வரைந்துகொண்டுதான் செதுக்குவாள். அழகம்மாவின் முகம், கை, மரத்தில் பெயிண்டால் எழுதிய எண், எல்லாம் அப்படிச் செதுக்கியவை. எல்லாம் சரியாக வந்தன. ஆனால் புகைப்படத்தில் மரப்பட்டை இருட்டில் கிடந்தது, வெட்டு தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, தனக்குத் தெரியாத வெட்டா என்று அகத்தா படத்தைப் பார்க்காமலே உளியை இழுத்துவிட்டாள். ஏழு வருஷம் பழகிய கை, மரத்தில் வெட்டுவதுபோலவே லினோலியத்திலும் வெட்டிவிட்டது. தாளில் அது மாறி விழுந்தது. பால் வெட்டத் தெரியாத ஒருத்தி செதுக்கியிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது.

லாரி போன பிறகு அகத்தா ஸ்டூலைப் போட்டு ஏறி ஆணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள். ஹெர்பர்ட் பதறிப்போய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அழைப்பிதழில் அடித்தாயிற்று, கோலாலம்பூர்க்காரர் நாளை வருகிறார், பட்டணத்தில் எவனுக்கு எந்தப் பக்கம் வெட்டு என்று தெரியும் என்று என்னென்னவோ சொன்னார். திருத்திச் செதுக்க நேரமும் இல்லை. வெட்டு இரண்டு துண்டுகளின் ஊடே, அழகம்மாவின் கைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. இரண்டையும் புதிதாகச் செதுக்கி அச்சடித்து மை காய ஒரு மாதமாவது ஆகும். அகத்தா எல்லாவற்றையும் கேட்டாள், ஆணியைக் கழற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"அண்ணே, அது அவ மரம். அவ வெட்டு. அவ பாத்துட்டு இது நான் இல்லேங்குறா. அப்புறம் இது யாரு படம் லா?"

ஹெர்பர்ட் ஸ்டூலை விட்டுவிட்டு, கழற்றிய தாளை மறுமுனையில் தாங்கிக்கொண்டார். படத்தைச் சுருட்டும்போது அகத்தா அழுதாள். அதை அவள் மறைக்கவும் இல்லை.

மறுநாள் மாலை மண்டபம் நிறைந்திருந்தது. நடுச்சுவர் மொட்டையாக இருந்தது. தோட்டத்து ஆட்கள் திறப்பு விழாவுக்கு வருவதில்லை. ஆனால் அழகம்மா பஸ் பிடித்து வந்திருந்தாள். தன்னால் காரியம் கெட்டுப்போயிற்றோ என்ற பயத்தில் படியருகிலேயே நின்றாள். அகத்தா போய் அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள்.

சுப்பிரமணியம் அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டே சுவர் சுவராகத் தேடினார். நல்ல மனிதர், படங்களை நின்று பார்க்கத் தெரிந்தவர். பெரிய படம் எங்கே என்று கேட்டார். அதில் வெட்டு மாறிவிட்டது, கழற்றிவிட்டேன் என்றாள் அகத்தா. அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார்.

"இதை மலேசியாவுல பத்துப் பேரு கவனிச்சாலே அதிகம்மா."

"எங்க தோட்டத்துலயே முந்நூறு பேரு இருக்காங்க சார்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். பட்டியல் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, அந்தப் படம் இல்லையென்றால் பெயரை எடுத்துவிட வேண்டியிருக்கும், வேறு வழியில்லை என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். ஹெர்பர்ட் கண்ணை மூடிக்கொண்டார். அகத்தாவுக்கு அந்தப் பட்டியல் எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொன்னால் தீராது. பெருவிரலால் சேலை ஓரத்தைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"எடுத்துருங்க சார்" என்றாள்.

சுப்பிரமணியம் அழைப்பிதழில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு, கேலி துளியும் இல்லாமல், சரியான வெட்டு எப்படி இருக்கும் என்று கேட்டார்.

அகத்தா பட்டுச்சேலையின் முந்தானையை இடுப்பில் செருகினாள். மொட்டைச் சுவரை நெருங்கி நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கையில் இல்லாத உளியை இடது மேலே வைத்து, பின்னால் அடியெடுத்தபடியே வலது கீழே ஒரே சீராக இழுத்தாள். இழுத்து முடித்ததும் குனிந்து, கோடு முடிந்த இடத்துக்கு நேர் கீழே, அங்கே இல்லாத, பால் சொட்டி விழும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து நிமிர்த்தி வைத்தாள்.