கையுறைக்குள் ஆறாவது விரல்

அக்காவின் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் செம்பூர் வீட்டுக்கு வந்த அன்றே, சொந்தக்காரர்கள் அவனைப் பங்கு பிரித்துவிட்டார்கள். மூக்கு தாராவிக்கு, அதாவது அத்தான் வீட்டுக்கு. காது எங்களுக்கு. நெற்றியில் தகராறு. நான் போனில் பட்டியல் போட்டு வைத்தேன். சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது இடது காதுக்கு மட்டும் நான்கு பேர் உரிமை கோரியிருந்தார்கள்.

யாரும் கோராத உறுப்பு ஒன்று உண்டு. இடது சுண்டுவிரலின் ஓரத்தில் மெல்லிய தோல் காம்பில் தொங்கிய, கொண்டைக்கடலை அளவு ஆறாவது விரல். எலும்பு கிடையாது, நகம் மட்டும் உண்டு. துணியில் மாட்டி இழுபடும், சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடுத்துவிட வேண்டும் என்பதில் அக்கா உறுதியாக இருந்தாள். அத்தானோ, "எங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றார். கேட்கும் பொறுப்பை அக்காவிடமே விட்டுவிட்டார்.

அதற்குள் என் அம்மா ஒரு முடிவெடுத்துவிட்டாள். சம்பந்தியம்மா பார்த்தால் பெண் வீட்டுக் குறை என்பாள். ஆகவே குழந்தைக்கு இரண்டு கையிலும் கையுறை. பம்பாய் மே மாதத்தில். கேட்டால், முகத்தைக் கீறிக்கொள்கிறான் என்று பதில். கடையை விட்டு நகர முடியாத சம்பந்தியம்மாவுக்கு மூன்று வாரம் வீடியோ காலில் அவன் குட்டி குத்துச்சண்டை வீரன் போலவே காட்சியளித்தான்.

கோழிக்குஞ்சின் இறக்கை முட்டைக்குள் எப்படி உருவாகிறது என்பதைக் கணினியில் மாதிரி செய்து பார்ப்பது என் வேலை. எனவே அம்மாவுக்கு விளக்கும் தகுதி எனக்கு இருப்பதாக நம்பினேன். விரலுக்கு ஒன்று என்று ஐந்து மரபணு கிடையாது அம்மா, என்று ஆரம்பித்தேன். கண்ணிலும் காலிலும் இருக்கும் அதே கூட்டம்தான் கையிலும் இருக்கிறது. எது எப்போது விழிக்கிறது, விழித்தது யாரை எழுப்புகிறது, யாரை அடக்குகிறது என்பதைப் பொறுத்துத்தான் கை கையாகிறது. பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவரிடம் நாம் 'போதும்' என்று கை காட்டுவோமே, அந்த மாதிரி ஒரு மரபணு 'போதும்' சொல்ல வேண்டும். சொல்வது கொஞ்சம் தாமதமானால் இலையில் ஒரு கரண்டி கூடுதல்.

"அப்போ தப்பு யாரு மேல?"

"யாரு மேலயும் இல்ல."

"அத அவங்ககிட்ட சொல்லித் தொலைக்காத. யாரு மேலயும் இல்லன்னா நம்ம மேலன்னுதான் அர்த்தம்."

நம் பக்கம் யாருக்காவது ஆறு விரல் இருந்ததா என்று கேட்டேன். "எங்க வம்சத்துலயே கிடையாது" என்றாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை அத்தானின் அம்மா நேரில் வந்தார். தாராவியில் முப்பது வருடமாக மளிகைக்கடை கல்லாவில் உட்காருகிறவர். எதையும் ஒரு பார்வையில் எடை போட்டுவிடுவார். மடியில் வாங்கிய இரண்டாவது நிமிடம் குழந்தை வீறிட்டான்.

"வேத்து ஊத்துது. என்னத்துக்குப் பிள்ளைக்குக் கையில பையக் கட்டிருக்கிய?" என்று அவரே உருவினார். கையுறையின் உள்நூல் ஒன்று அந்த விரலைச் சுற்றி இறுக்கியிருந்தது. விரல் சிவந்து வீங்கியிருந்தது. அக்கா நூலை அறுத்தாள். அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

சம்பந்தியம்மா விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க மாமனார் விரல்லா இது. இதே கை. இந்த விரல வச்சுத்தான் கடையப் போட்டாவ. அதிர்ஷ்டத்தப் போயி மூடி வச்சிருக்கியளே மைனி."

அம்மாவுக்கு மூச்சு வந்தது. கூடவே ரோஷமும் வந்தது. "எங்க பெரியப்பாவுக்கும் உண்டும் மைனி. அவுகளும் நல்லாத்தான் இருந்தாவ."

என் பட்டியலில் இல்லாத பெரியப்பா. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"எந்தக் கையில?" என்றார் சம்பந்தியம்மா.

"ரெண்டுலயும்."

"ஏ பிள்ள, நீ கம்ப்யூட்டர்ல கோழி வளக்கவதான? சொல்லு, இது யாரு பக்கம்?"

இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம், யாரிடமிருந்தும் வராமல் புதிதாகவும் தோன்றலாம் என்றேன். ஒருவரிடம் அது இருந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம், மற்ற மரபணுக்களின் சேர்க்கை அப்படி என்றேன். 'இரண்டு பக்கம்' என்பதில் ஆளுக்கொரு பக்கத்தை எடுத்துக்கொண்டு இருவரும் தொடர்ந்தார்கள்.

அக்கா குழந்தையின் கையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். "அத்தை, இத எடுக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காரு. இன்னைக்கே பாத்தீங்கல்ல, எப்படிச் செவந்துட்டு."

"அதிர்ஷ்டத்த வெட்டவா?" என்றார் சம்பந்தியம்மா. அம்மா, மூன்று வாரம் அதை மறைத்தவள், "அதானே" என்றாள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, வெளிய இருக்கத எடுத்தா, அத வர வச்சது என்ன ஆவும்?"

இந்தக் கேள்விக்கு நான் குறிப்பு எதுவும் தயாரித்திருக்கவில்லை. "ஒண்ணும் ஆவாது. அது விரல்ல மட்டும் இல்ல, உடம்பு முழுக்க இருக்கு. நாளைக்கு இவன் பிள்ளைக்கோ பேரனுக்கோ வந்தாலும் வரும், வராமலும் போவலாம். விரலை எடுக்கதால அது போவாது."

சம்பந்தியம்மா கல்லாவில் சில்லறை எண்ணுவது போல் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்.

"அப்பம் சரக்கு உள்ளதான் இருக்கு."

"ஆமா அத்தை."

"கடை போர்டத்தான் கழட்டுதோம்."

"ஆமா."

"நல்ல நாள் பாத்துச் சொல்லுதேன்" என்றார்.

புதன்கிழமை அமைந்தது. டாக்டர் குழந்தையை வாங்கக் கை நீட்டியபோது, சம்பந்தியம்மா குறுக்கே நின்று இந்தியில் கேட்டார்: "டாக்டர் சாப், அந்தர் வாலா ரஹேகா நா?"

உள்ளே இருப்பது இருக்கும்தானே என்ற கேள்வியில், உள்ளே இருப்பது எது என்று டாக்டருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"ரஹேகா" என்றார் டாக்டர்.

சம்பந்தியம்மா விலகி வழிவிட்டார். அக்கா குழந்தையைக் கொடுத்தாள்.