நான் ஊதி ஆற்றிய புண்கள்

புண் கழுவிக் கட்டுகிற வேலையில் கை நாறும், இடுப்பு ஒடியும், 'சிஸ்டர்' என்ற பேர் மட்டும் ஜம்மென்று இருக்கும். என்னோடு பாடுபட்ட நர்சுகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். எழுபதுகளில் தூத்துக்குடி ஆஸ்பத்திரி ஒன்றில், ஆண்கள் ஆபரேஷன் வார்டில் இருந்தேன். நாசரேத்துக்காரி. வாய் கொஞ்சம் நீளம்.

தரையைத் தேய்த்தோம்

அந்த வருஷம் எங்கள் வார்டில் தையல் போட்ட புண்ணெல்லாம் நாலாம் நாள் சீழ் வைத்தது. ஹெர்னியா ஆபரேஷன் செய்த வாத்தியாருக்கு வைத்தது, துறைமுகத்தில் விரல் நசுங்கிய லோடுமேனுக்கும் வைத்தது. நான் எல்லோரையும் திட்டினேன். கட்டிலடியில் உட்கார்ந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிடுகிற சொந்தக்காரர்களை வெளியே விரட்டினேன். பினாயிலை ஊற்றி ஊற்றி, வார்டு ஆயா செல்லத்தாயைத் தரை தேய்க்க வைத்தேன். ஒருநாள் அவள் துடைப்பத்தைத் தூக்கிப் போட்டாள்.

"இதுக்கு மேல தேச்சா மண்ணுதான் வரும் சிஸ்டர். சீழு தரையிலயா இருக்கு?"

சூசையின் கால்

சூசை திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர். கடலடிப் பாறையில் பாதம் கிழிந்து வந்தார். சுத்தமான வெட்டு. பத்து நாளில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். சீசன் ஆரம்பிக்கப்போகிறதே, அதற்குள் படகு ஏறிவிடலாமா என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். நாலாம் நாள் அவருக்கும் சீழ்.

பென்சிலின் போட்டோம், போட்டுக்கொண்டே இருந்தோம். கிருமி அசையவில்லை. தடுமல் தும்மலுக்கெல்லாம் பென்சிலின் குத்திக் குத்தி அதற்குப் பயம் விட்டுப்போயிருந்தது. ஊசிக்கு முகம் சுளிக்காத மனுஷன், புண்ணில் டிஞ்சர் பட்டால் குழந்தை மாதிரி அலறுவார். என் வழக்கப்படி, முகத்தில் கட்டிய துணியைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, குனிந்து ஊதிவிடுவேன். அந்தப் புழுக்கத்தில் துணி எனக்கும் பாரம்தான். வார்டில் யார் அலறினாலும் ஊதுவேன். அப்படி ஒரு நல்ல மனசு எனக்கு!

சூசை கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: "நீங்க ஊதுனா எரிச்சல் போன இடம் தெரியல சிஸ்டர்."

பஞ்சுக் குச்சி

புதிதாக வந்த டாக்டர், வேலை செய்கிற அத்தனை பேர் மூக்கிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துப் பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பினார். "சீழ் அவங்களுக்கு, குச்சி எனக்கா?" என்று சண்டை போட்டேன். ரிசல்ட் வந்தது. சூசையின் சீழில் இருந்த அதே கிருமி, பென்சிலினுக்கு மசியாத அதே கிருமி, என் மூக்கில் இருந்தது. வேறு யாரிடமும் இல்லை.

"எனக்கு ஒரு தும்மல்கூட இல்லையே சார்!" என்றேன். எத்தனை புண்ணில் ஊதியிருக்கிறேன் என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை.

டாக்டர் தாளிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "உங்களை ஒண்ணும் செய்யாது சிஸ்டர். உங்ககிட்ட அது குடியிருக்கு, அவ்வளவுதான்."

ரோஸம்மா சொன்னது

மூக்குக்குக் களிம்பு கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெட்ராஸிலிருந்து வேறு மருந்து வந்து சேர்வதற்குள் சூசையின் எலும்பு வரை சீழ் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

என் மூக்கு சுத்தம் என்று ரிசல்ட் வந்த பிறகு வார்டுக்குப் போனேன். சூசை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சீசனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சம்சாரம் ரோஸம்மாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என் மூக்குல இருந்ததும்மா. நான்தான் ஊதி ஊதி ஏத்துனேன்" என்று அழுதேன். திட்டுவாள், அறைவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"சும்மா இருங்கம்மா. கிருமி எங்கள மாதிரி ஆளுகட்ட இருக்கும், ஒங்ககிட்டயா இருக்கும்? ஒங்களுக்குப் பதிலா வந்த நர்சுப் பிள்ளைக்குக் கை பதனமில்ல, அவருக்கு நீங்களே வந்து கட்டுங்க."

நான் ரிட்டயர் ஆனபோது, நோயாளி ஒருத்தர்கூட இவர்மேல் புகார் சொன்னதில்லை என்று புகழ்ந்து மாலை போட்டார்கள்; யாராவது ஒருத்தர் நான் ஊதுவதைச் சொல்லித் தொலைத்திருந்தால் சூசைக்குக் கால் மிஞ்சியிருக்கும்.