தையல்நாயகியின் பத்தொன்பது தங்கக் காசுகள்

தையல்நாயகி முதல் தங்கக் காசை வாங்கியது ஆசையில் அல்ல, ரோஷத்தில்.

2007 ஐப்பசி மழையில் அவள் புருஷன் நடராசன் ஷேர் ஆட்டோவோடு கோலியனூர் கூட்ரோட்டில் கவிழ்ந்து இடது காலை முறித்துக்கொண்டான். ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். அவளோ திருவெண்ணெய்நல்லூர் பக்கம், பெண்ணையாற்றங்கரை ஊரின் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினாலும் அந்தச் சம்பளம் மாதக் கடைசியைத் தொடாது. கல்யாணத்துக்கு அப்பா போட்ட நான்கு வளையல்களையும் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, அவற்றை வாங்கிய விழுப்புரத்துக் கடைக்கே போனாள்.

கவுன்ட்டரில் இருந்தவன் ராஜாமணி. அப்போது மீசை அரும்பி நாலைந்து வருஷம் இருக்கும் அவனுக்கு. வளையலை உரசிப் பார்த்தான், எடை போட்டான், அரக்கு இவ்வளவு, தேய்மானம் இவ்வளவு என்று கழித்துக்கொண்டே வந்தான். கடைசியில் அவன் சொன்ன தொகை அவள் நினைத்து வந்ததற்கு எவ்வளவோ கீழே நின்றது.

"அப்போ எங்கப்பா செய்கூலி, சேதாரம்னு குடுத்தது எல்லாம் எங்க போச்சு தம்பி?"

"அது வேலைக்குக் குடுத்ததும்மா. தங்கத்துக்குக் குடுத்தது இல்ல."

"வேலையே செய்யாத தங்கம் ஏதாச்சும் உங்க கடையில இருக்குதா?"

ராஜாமணி சிரித்துவிட்டு ஒரு சின்ன அட்டையை எடுத்து வைத்தான். நடுவில் பிளாஸ்டிக்குக்குள் பொட்டு போல ஒரு காசு. "ரெண்டு கிராம், இருபத்திநாலு கேரட்டு. இதுக்கும் கொஞ்சம் கூலி உண்டு, ஆனா நகைக்குப் போடுற மாதிரி கெடையாது. என்னிக்கிக் கொண்டாந்தாலும் அன்னிக்கி வெல. போட்டுக்கினு அழகு பாக்க முடியாது, அவ்ளோதான்."

"அழகு பாத்ததுக்குத்தான் இப்போ கழிச்சிட்டியே," என்றாள் தையல்நாயகி.

அந்தத் தை மாதமே ஒரு கிடாவை விற்று முதல் காசை வாங்கினாள்.

அதற்குப் பிறகு அவள் வளர்த்த ஒவ்வொரு ஆட்டுக்கும் தலையெழுத்து முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் மிஞ்சும் காய்கறித் தோலும் கழுநீரும் தின்று கொழுத்து, தை பிறந்ததும் அது காசாக மாறும். வருஷத்துக்கு ஒன்று. ஆடு இரட்டைக் குட்டி போட்டு இரண்டும் பிழைத்த இரண்டு வருஷங்களில் மட்டும் இரண்டு. விலை ஏறிவிட்டது, இறங்கட்டும், அப்புறம் வாங்கலாம் என்று அவள் நின்றதே இல்லை. "இன்னிக்கி ஏறியிருக்குதேம்மா," என்று ராஜாமணியே சொன்னாலும், "ஆட்டு வெலயுந்தான் ஏறியிருக்குது, நீ பில்லப் போடு," என்பாள்.

வாங்கிய காசை அட்டையோடு ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அதைச் சமையலறைப் புளிப்பானையின் அடியில் வைத்துவிடுவாள். மேலே கையளவு புளி. ஒருநாளும் எண்ணிப் பார்க்க மாட்டாள். எண்ணினால் கை அரிக்கும், கை அரித்தால் செலவு வரும் என்பது அவளது கட்டுப்பாடு.

ஊர் முழுக்க அது மகள் கலைப்பிரியாவின் கல்யாணத்துக்கு என்றே நினைத்தது. கலைப்பிரியாவும் அப்படித்தான் நினைத்தாள். நர்ஸ் படிப்பு முடித்து, திண்டிவனத்தில் மாப்பிள்ளை முடிவானபோது அம்மாவிடம் கேட்டாள்.

"எனக்குப் போடத்தானேம்மா இத்தினி வருஷமா சேத்துக்கினு வந்த?"

"இல்லடி. உனக்குப் படிப்ப போட்டேன், கம்மலும் செயினும் போடறேன். அந்தக் காசு எனக்கும் உங்கப்பனுக்கும். நாளைக்கிக் கெழடான பொறவு, மாத்திரைக்கும் மருந்துக்கும் உன் வாசல்ல வந்து நிக்கக்கூடாது."

கலைப்பிரியா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, "பில்லெல்லாம் எங்க வச்சிருக்க? என்கிட்ட குடு. இங்க இருந்தா எலிதான் தின்னும்," என்று வாங்கிக்கொண்டு போனாள். திண்டிவனம் வீட்டு பீரோவில் அவளுடைய சர்டிபிகேட்டுகளோடு அந்த பில்களும், பிறகு வருஷா வருஷம் சேர்ந்தவையும் இருந்தன.

2024 கார்த்திகையில் புயல் மழை கொட்டி, பெண்ணையாறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. விடிந்தும் விடியாத நேரம். நடராசன் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏறினான். ஆடுகளின் கயிற்றை அறுத்துவிடத்தான் அவளுக்கு நேரம் இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. மாடியில் நின்று பார்த்தபோது அவர்கள் வீட்டின் பின்சுவர், அந்தச் சமையலறைச் சுவர், சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

பள்ளிக்கூடத்தில் முன்னூறு பேருக்கு மேல் தங்கியிருந்தார்கள். அடுப்பும் அண்டாவும் மாடி அறையில் இருந்தன. தையல்நாயகி நான்கு நாள் அங்கே உலை வைத்தாள். கஞ்சி, சாம்பார் சாதம், கைக்குழந்தைகளுக்குக் கேப்பைக் கூழ். யாராவது "உன் வீடு இன்னா ஆச்சுக்கா?" என்று கேட்டால், "இருக்குது, இருக்குது," என்பாள். புளிப்பானையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. நடராசனும் கேட்கவில்லை. விறகு பிளந்து போட்டுக்கொண்டே அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தாம் நாள் தண்ணீர் வடிந்தது. வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குச் சேறு. சுவர் விழுந்ததில் பானை நொறுங்கி, டப்பா நசுங்கி வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே இருந்தது மூன்று காசு.

பக்கத்து வீட்டில் மல்லாட்டைக் கடலை சலிக்கும் சல்லடையை வாங்கி வந்தாள். நடராசன் மண்வெட்டியால் சேற்றை அள்ளிக் கொட்ட, அவள் தண்ணீர் ஊற்றி அலசினாள். அலச அலசக் கிடைத்தது. சில அட்டையோடு, சில வெறும் காசாக, ஒன்று அவளுடைய பழைய ஜாக்கெட் துணிக்குள். இரண்டாம் நாள் சாயங்காலம் பதினெட்டு சேர்ந்தது. கலைப்பிரியா திண்டிவனத்திலிருந்து பில்களோடு வந்து எண்ணிப் பார்த்தாள். பில் பத்தொன்பது இருந்தது.

"ஒன்னுதானேம்மா, போவட்டும் விடு."

"அது எப்பிடி விடறது? ஒவ்வொன்னும் ஒரு ஆடுடி."

மூன்றாம் நாளும் அவள் சல்லடையை எடுத்துக்கொண்டு குனிந்தாள். முதுகு நிமிரவில்லை, விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். நடராசன் மண்வெட்டியைத் தொடவே இல்லை. வேப்பமரத்தடியில் பீடி பற்றவைப்பதும் அணைப்பதுமாக இருந்தான். வெயில் ஏறியதும் எழுந்து வந்து அவள் கையிலிருந்த சல்லடையைப் பிடுங்கினான்.

"தேடாத தையலு. அது இங்க இல்ல."

"இன்னாய்யா சொல்ற?"

"நாந்தான் எடுத்தேன். அந்தக் கொரோனா வருஷம்."

அவளுக்கு அந்த நாட்கள் அரைகுறையாகத்தான் ஞாபகம். மூச்சு வாங்கியது, மகள் அழுதது, திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில், மூக்கில் குழாய். பணத்துக்கு என்ன செய்தாய் என்று பிறகு கேட்டபோது ஆட்டோ சங்கத்தில் கொடுத்தார்கள் என்று நடராசன் சொல்லியிருந்தான்.

"சங்கத்துல எவன் குடுப்பான்? எல்லாருந்தான் வண்டிய ஓரங்கட்டிட்டு ஒக்காந்துகினு இருந்தான். நகைக்கடை எல்லாம் மூடிக் கெடந்துச்சு. ராஜாமணி வீட்டத் தேடிப் போயி அவன் கையில குடுத்தேன். அவந்தான் பணம் குடுத்தான். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினேன். வாங்கி வச்சிரலாம் வச்சிரலாம்னு பாத்தேன், வெல எட்டவே இல்ல."

தையல்நாயகி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். கலைப்பிரியா பயந்துபோய் அருகில் வந்தாள். அம்மா அழப் போகிறாளா, கத்தப் போகிறாளா என்று தெரியவில்லை.

"யோவ்," என்றாள் தையல்நாயகி, நிதானமாக. "என் உசிரு ரெண்டு கிராமுதானா?"

"அன்னிக்கி செலவு ரெண்டு கிராமோட நின்னுச்சு. நிக்கலன்னா மொத்த டப்பாவையும் தூக்கிக்கினு போயிருப்பேன்," என்றான் நடராசன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எங்கே அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு சேற்றுக் கையோடு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இத மொத நாளே சொல்றதுக்கு இன்னா? மூணு நாளா என் இடுப்ப ஒடிச்சியே, பாவி," என்றாள்.

பத்து காசுகளை விற்பது என்று அவளேதான் முடிவெடுத்தாள். வீடு கட்ட அரசாங்கம் கொடுத்த பணத்தில் அஸ்திவாரத்தை நான்கடி உயர்த்த முடியாது, ஆறு திரும்ப வந்தால் என்ன செய்வது என்பது அவள் வாதம். விழுப்புரம் கடையில், இப்போது நரை விழுந்துவிட்ட ராஜாமணி, சேறு கழுவிய காசுகளை மெஷினில் வைத்துப் பார்த்தான்.

"ஒரு கொறையும் இல்லம்மா. தங்கத்த ஆறு இன்னா பண்ணும்?"

"மூணு வருஷமா என் மூஞ்சியப் பாத்து பில்லு போட்டியே தம்பி, ஒரு வார்த்த சொன்னியா?"

"அண்ணன் சத்தியம் வாங்கிக்கினாரும்மா," என்று அவன் தலையைச் சொறிந்தான். பில் போட்டு முடித்த பிறகு அவளுக்கும் நடராசனுக்கும் டீ வரவழைத்துக் கொடுத்தான்.

புது வீட்டுக்கு இப்போது ஆறு படி ஏற வேண்டும். மிச்ச எட்டுக் காசும் பேங்க் லாக்கரில், கலைப்பிரியாவின் பெயரையும் சேர்த்து. தையல்நாயகி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். வரும் பென்ஷன் அரிசிக்கும் பாலுக்கும் சரியாகப் போகிறது. வாசலில் ஒரே ஒரு பெட்டைக்குட்டி நிற்கிறது. அதை விற்க இன்னும் காலம் இருக்கிறது.

இந்தத் தையில் சங்கத் தோழர்களிடம் சீட்டு கட்டி எடுத்த பணத்தை நடராசன் அவள் கையில் கொடுத்தான். ஒரு கிராமின் விலையைக் கேட்டு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அரை கிராம் வாங்கினார்கள். திரும்பும் வழியில் ஆட்டோவை ஓரமாக நிறுத்தி, நடராசன் அந்த அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இன்னா தையலு, மிளகு தோல் மாதிரி இருக்குது. தும்மினா பறந்துரும் போல."

"தும்மாம ஓட்டு," என்று சொல்லி அட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.